கதை மாந்தரின் காதல் பொருத்தம்: எங்கள் வாடகை நூலகத்தில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் 22 வருடம் வாடகை நூலகம் நடத்தினேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்று பத்து நிமிடமாவது கதையைப் பேசாமல் போனதில்லை. முக்கால்வாசிப் பேச்சு ஒரே விஷயம்தான்: "ஏங்க்கா, அவளுக்குப் போயி இவனா?" நேரில் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் கடைசித் தாளில் பென்சிலால் எழுதிவிட்டுப் போவார்கள். 'இவன் வேண்டாம்.' 'சின்னவனைக் கட்டியிருக்கலாம்.' 'ரெண்டும் ஒண்ணுதான், சேரட்டும்.' ஆரம்பத்தில் புத்தகத்தைப் பாழாக்குகிறார்களே என்று கோபம் வந்தது. பிறகு அந்தத் தாளைப் படிப்பதற்காகவே புத்தகம் எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். நூலகத்தை மூடிய பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. இப்போது கதை எழுதும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

ஒரு ஜோடி பொருந்துகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

எங்கள் தெரு முழுக்க வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். ஜோடி என்ற சொல்லே இங்கே முதலில் கொலுசுக்குத்தான் வரும். ஒரு ஜோடியின் இரண்டு கொலுசும் நீளத்திலும் எடையிலும் மணியிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அது ஒப்பு. அதில் ஒரு கொலுசை மட்டும் கையில் எடுத்து அதன் இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் வளையம். இரண்டும் கொக்கியாக இருந்தால் கொலுசு காலில் நிற்காது. அது பொருத்தம். நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது. கதை படிக்கும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். இருவரும் நல்லவர்கள், இருவரும் படித்தவர்கள், இருவருக்கும் மழை பிடிக்கும், அதனால் பொருத்தம் என்கிறோம். அது ஒப்பு. இன்னும் கொலுசு மாட்டப்படவில்லை.

நான் பார்ப்பது பேச்சை. அவள் எதிரில் இருக்கும்போது மட்டும் அவன் வாயிலிருந்து வருகிற சொல் ஏதாவது உண்டா? அம்மாவிடமோ நண்பனிடமோ சொல்லியிருக்கவே முடியாத ஒன்று? அவளுக்கும் அப்படி ஒன்று உண்டா? சோதிப்பது எளிது. அந்த வசனத்தை எடுத்து, அதே கதையில் வரும் வேறொரு பெண்ணிடம் அவன் சொல்வதாக மாற்றிப் படியுங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அவர்கள் இன்னும் ஜோடி ஆகவில்லை. ஆசிரியர் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பழைய தமிழில் இதற்கு இலக்கணம் உண்டா?

உண்டு. இதைக் கேட்டவர்களிடம் ஆசையாக உட்கார்ந்து பேசியிருக்கிறேன். தொல்காப்பியத்துப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி இருக்கிறது. அதில் தலைவனும் தலைவியும் எவற்றில் ஒத்திருக்க வேண்டும் என்று பத்து சொல்லப்படுகிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, நிறுத்த காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. ஆண்டு என்றால் வயது. நிறுத்த காமவாயில் என்பது இருவர் உள்ளத்திலும் ஒரே அளவாக நிற்கும் காதல். நிறை, மனத்தை அடக்கிக் காக்கும் திறம். திரு, செல்வம். தொல்காப்பியரும் இவற்றை 'ஒப்பினது வகை' என்றுதான் சொல்கிறார், ஒப்பு என்ற சொல்லாலேயே.

எல்லோரும் இந்தப் பத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த நூற்பாவைப் படியுங்கள். காதலர் இருவரிடமும் இருக்கவே கூடாதவை அங்கே வருகின்றன: நிம்பிரி, கொடுமை, வியப்பு, புறமொழி, வன்சொல், பொச்சாப்பு, மடிமை, குடிமை இன்புறல், ஏழைமை, மறப்பு, ஒப்புமை. உரையாசிரியர்கள் சொல்லும் பொருளில் நிம்பிரி பொறாமை. வியப்பு தன்னைத்தானே வியந்துகொள்வது. ஏழைமை பணமில்லாத நிலை அல்ல, பேதைமை. ஒப்புமை என்பது தன் துணையை இன்னொருவரோடு ஒப்பிட்டுச் சொல்வது.

குடிமை இன்புறலைக் கவனியுங்கள். தன் குலத்தை நினைத்துத் தானே பூரித்துக்கொள்வது. முதல் பட்டியலில் குடிமை ஒத்திருக்கட்டும் என்று சொன்ன அதே நூல், அந்தக் குடிமையைப் பெருமையாகப் பேசுவதை அடுத்த நூற்பாவில் குற்றமாக வைக்கிறது. இதை முதன்முதலாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எழுதுகிறவர்களுக்கு முதல் பட்டியலைவிட இரண்டாவதுதான் உதவும் என்பது என் அனுபவம். பத்தும் ஒத்திருக்கும் ஜோடியை யாராலும் எழுதிவிட முடியும். 'உன் அக்கா இப்படிப் பேசமாட்டாள்' என்று ஒரே ஒரு இடத்தில் அவன் சொல்லிவிட்டால் பத்தும் போச்சு.

நட்சத்திரப் பொருத்தம் பார்க்கலாமா?

கல்யாணத்துக்குப் பஞ்சாங்கத்தில் பார்ப்பதும் பத்துதான்: தினம், கணம், மாகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. அதற்குப் பிறந்த நட்சத்திரம் வேண்டும். கதை மாந்தரில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. பெயரின் முதல் எழுத்தை வைத்து நட்சத்திரம் கண்டுபிடிக்கும் வழக்கத்தைச் சிலர் கதைக்கும் கொண்டுவருகிறார்கள். 'சு' என்று தொடங்கினால் அசுவினி. அப்படிப் பார்த்தால் ஆசிரியர் பெயரை சுமதியிலிருந்து வசுமதியாக மாற்றிய நிமிடமே அவளுடைய பொருத்தமும் மாறிவிடும். வேண்டாம். மாந்தர் நம்பட்டும், கதைக்குள் ஜோசியரும் வரட்டும். வாசகர் அந்த வழியில் போக வேண்டியதில்லை.

ஃப்ளேம்ஸ்?

பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் நாம் எல்லோரும் போட்டதுதான். இரண்டு பெயரிலும் பொதுவான எழுத்துகளை அடித்துவிட்டு, மிச்சத்தை எண்ணி, நட்பு, காதல், பாசம், கல்யாணம், பகை, உடன்பிறப்பு என்ற ஆறில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவது. ஒரு கல்லூரி மாணவி பொன்னியின் செல்வனில் வரும் குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் போட்டுவிட்டு, பகை வந்துவிட்டது என்று உண்மையாகவே வருத்தப்பட்டு வந்தாள். இருவரும் உட்கார்ந்து மறுபடி போட்டோம். ஆங்கில எழுத்தில் 'த' வருகிற இடத்துக்கெல்லாம் எச் சேர்த்து இரண்டு எழுத்தாக எழுதினால் ஒன்பது மிஞ்சுகிறது, பகை வருகிறது. எச் இல்லாமல் ஓர் எழுத்தாக எழுதினால் எட்டு மிஞ்சுகிறது, பாசம் வருகிறது. ஓர் எழுத்துக்காக அவ்வளவு வருத்தம்! ஆனால் அவள் வருத்தம் எனக்குப் பிடித்திருந்தது. கதையில் வரும் இரண்டு பேருக்காக அப்படி மனம் கலங்குகிறவளுக்கு நான் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

எதிரெதிர் குணம்தான் பொருந்துமா?

இப்படிக் கேட்பவர்கள் குந்தவையையும் வந்தியத்தேவனையும்தான் நினைக்கிறார்கள். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனைப் படிக்காத வீடு எங்கள் நூலகத்து வாடிக்கையில் இல்லை. ஐந்து பாகத்துக்கும் இரண்டு இரண்டு பிரதி வைத்திருந்தேன், அப்போதும் முதல் பாகம் கையில் நிற்காது. அவன் அவசரக்காரன், அவள் நாலும் யோசித்துச் செய்பவள், அதனால் பொருந்துகிறது என்பார்கள்.

அவர்கள் முதலில் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள். குடந்தை ஜோசியர் வீட்டுக்குள் அவன் தடதடவென்று நுழைகிறான், உள்ளே அவளும் தோழி வானதியும் இருக்கிறார்கள். அடுத்து அரிசிலாற்றங்கரை. முதலை பாயப்போகிறது என்று வேலை எறிகிறான். அது பஞ்சு அடைத்த முதலை. ஒரு வீரன் ஒரு பெண் முன்னால் இதைவிட அசடு வழிய முடியாது. வழி முழுக்க, கோட்டைக்குக் கோட்டை, ஆளுக்கு ஒரு கதை சொல்லித் தப்பித்து வந்தவன் அவன். அவளிடம்தான் கொண்டுவந்ததையும் கண்டதையும் உள்ளபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அவளோ எல்லோரையும் அங்கே போ, இங்கே போ என்று அனுப்பும் இடத்தில் இருப்பவள். இவனை ஈழத்துக்கு அனுப்பிவிட்டு இவனுக்காகக் கவலைப்படுகிறாள். பொய் சொல்லி வாழ்பவனுக்கு உண்மை சொல்ல ஓர் இடம், கட்டளையிட்டே பழகியவளுக்குக் கவலைப்பட ஓர் ஆள். கொக்கியும் வளையமும்.

குணம் எதிராக இருப்பது அவ்வளவு முக்கியமில்லை. அடியில் இருவருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: சோழ ராஜ்யத்தில் எது நடந்தாலும் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாத ஆவல். அதுவும் இல்லாமல் வெறும் எதிர்க்குணம் மட்டும் இருந்தால் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்காது.

கோவலனுக்குப் பொருத்தம் கண்ணகியா, மாதவியா?

22 வருடத்தில் இதற்கு நான் மூன்று வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது நம்புவதைச் சொல்கிறேன்.

தொல்காப்பியர் சொன்ன ஒப்பு கண்ணகி கல்யாணத்தில் அப்படியே இருக்கிறது. அவள் புகாரின் பெருவணிகன் மாநாய்கன் மகள், அவன் மாசாத்துவான் மகன். அவளுக்கு வயது பன்னிரண்டு, அவனுக்குப் பதினாறு. குலம், செல்வம், உருவம் எதிலும் குறையில்லை. அந்தக் கல்யாணம் நிற்கவில்லை. அவன் அவளை வாயாரப் புகழ்கிறான், பொன் என்கிறான், முத்து என்கிறான். அவள் பதில் பேசும் ஒரு வரிகூட அங்கே இல்லை.

மாதவியிடம் வேறு மாதிரி ஒப்பு. அவள் ஆடற்கலையில் தேர்ந்தவள், இசை அறிந்தவள். அவனும் யாழ் எடுத்தால் பாடத் தெரிந்தவன். சிலப்பதிகாரத்தின் கானல்வரிப் பகுதியில் இருவரும் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாழை வாங்கி அவன் பாடுகிறான்: சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் நீ ஊடமாட்டாய், வாழி காவேரி. விளையாட்டுக்குத்தான். ஆனால் பாட்டில் வேறொருத்தியின் நினைவு இருப்பதாக அவளுக்குப் படுகிறது. யாழை வாங்கி, தனக்கும் வேறு நினைவு இருப்பதுபோல அவள் பாடுகிறாள். நான் பாட்டைப் பாடினேன், இவள் மனத்தை வேறெங்கோ வைத்துப் பாடினாள் என்று அவன் எழுந்து போய்விடுகிறான். இவ்வளவு இசை தெரிந்த இருவர், ஒருவர் பாட்டை ஒருவர் கேட்கத் தெரியாமல் பிரிந்தார்கள். திறமை ஒத்திருந்தது. அந்தத் திறமையாலேயே ஒருவரை ஒருவர் குத்த முடிந்தது. 'ஒரே ரசனை, அதனால் பொருத்தம்' என்று எழுதும் பிள்ளைகளிடம் நான் உடனே கானல்வரியை எடுத்துக் கொடுப்பது இதனால்தான்.

பிறகு மாதவியின் இரண்டாவது ஓலை காட்டு வழியில் அவனுக்குக் கிடைக்கிறது. அதைப் படித்து, தவறு அவளுடையதில்லை, தன்னுடையது என்று உணர்கிறான். எதிரில் இருந்தபோது கேட்காத குரல், தூரத்திலிருந்து எழுத்தாக வந்தபோது கேட்கிறது. அவர்களிடம் பொருத்தமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கண்ணகிக்கு வருகிறேன். மதுரையில் ஆயர் சேரியில், மாதரி வீட்டில், அவள் சமைத்துப் போட்டு அவன் சாப்பிடுகிறான். சாப்பிட்ட பிறகு அவன் தன்னை நினைத்து நொந்து, நான் எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன செய்துவிட்டாய் என்கிறான். அப்போது அவள் சொல்கிறாள்: "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." மேலோர் மதிக்காத நடத்தையை நடந்தீர்கள். அத்தனை வருடம் அத்தனை பேரிடமும் மறைத்து வைத்திருந்த சொல். அவனைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்லவே முடியாது. நான் முதல் பதிலில் சொன்ன சோதனையை வைத்துப் பார்த்தால், அவர்கள் ஜோடியாவது அந்த இடத்தில்தான். அதன் பிறகு அவன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு விற்கப் போகிறான். திரும்பவில்லை.

கொலுசு செய்யும் தெருவில் வாழ்ந்துகொண்டு இந்த இடத்தைச் சாதாரணமாகப் படிக்க என்னால் முடிந்ததே இல்லை.

மோதலில் தொடங்கும் காதல் நம்பும்படி இருக்குமா?

வாரா வாரம் ஓடும் நாவல்களின் உயிரே அதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஊடல் வேறு, இகழ்ச்சி வேறு என்பது மட்டும் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊடல் உணவில் உப்பு அமைந்ததுபோல, கொஞ்சம் நீண்டாலும் உப்பு மிகுந்ததுபோல என்று குறள் சொல்கிறது. காமத்துப்பால் முடிவதே ஊடலுவகை என்ற அதிகாரத்தில்தான். அந்த ஊடலில் இருவரும் எதிராளியின் மதிப்பைக் குறைத்துப் பேசுவதில்லை.

அவன் அவளைப் பத்து பேர் முன்னால் மட்டம் தட்டுகிறான், கையைப் பிடித்து முறுக்குகிறான், கடைசி அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்கிறான் என்றால் அங்கே தொல்காப்பியர் விலக்கிய வன்சொல், கொடுமை இரண்டும் வந்துவிட்டன. மன்னிப்பு ஒரு பத்தி, கொடுமை முந்நூறு பக்கம். இப்படிப்பட்ட ஒரு நாவலின் கடைசித் தாளில் ஒரு பெண் கையெழுத்தில், 'எங்க வீட்டுலயும் இப்படித்தான். மன்னிப்பு மட்டும் இன்னும் வரல' என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு யாராவது அந்த மாதிரிக் கதையை 'நல்ல ஜோடிங்க்கா' என்று சொன்னால் நான் தலையாட்டுவதில்லை.

ஒருதலைக் காதலில் பொருத்தம் என்ற பேச்சுக்கே இடமுண்டா?

நம் மரபு அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறது: கைக்கிளை. பொருந்தாக் காமத்துக்குப் பெருந்திணை. இரண்டும் ஐந்திணைக்கு வெளியே. வெளியே வைத்தார்களே தவிர, இலக்கணத்தில் இடம் கொடுத்துப் பாட்டும் பாடினார்கள்.

பொன்னியின் செல்வனில் கடம்பூர் மணிமேகலைக்கு வந்தியத்தேவன் மேல் இருக்கும் காதல் கைக்கிளை. அவள் அவன் மடியில்தான் உயிர் விடுகிறாள். எனக்கு வந்த பென்சில் குறிப்புகளில் குந்தவையைவிட மணிமேகலைக்குத்தான் அதிகம். அவளுடைய அன்பில் நிறையும் இருக்கிறது, அருளும் இருக்கிறது. எதிர்முனையில் வளையம் இல்லை. அவளைப் பைத்தியக்காரி என்று சொல்கிற வாசகரோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

வயது வித்தியாசம்?

மோகமுள்ளில் யமுனா பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். தொல்காப்பியர் சொன்ன பத்து ஒப்பில் 'ஆண்டு' என்ற ஒன்று தலைகீழாக இருக்கிறது. தி. ஜானகிராமன் அதை மறைக்கவில்லை, சரிக்கட்டவும் இல்லை, நாவல் முழுக்க அந்த வித்தியாசத்தைச் சுமந்துகொண்டே போகிறார். அதனால்தான் நாம் நம்புகிறோம். ஓர் ஒப்பு இல்லையென்றால் அது இல்லாதது கதையில் எல்லோருக்கும் தெரிய வேண்டும், முதலில் அந்த இருவருக்கும்.

கதையை ஏற்காட்டில் வைத்தால் காதல் தானாகப் பொருந்திவிடுமா?

சேலத்துப் பிள்ளைகள் என்னிடம் காட்டும் கதைகளில் பாதிக்கு மேல் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று, ராத்திரியில் கீழே சேலத்து விளக்குகளைப் பார்ப்பதில் முடிகின்றன. அந்தக் காட்சி அழகுதான், நானும் நின்று பார்த்திருக்கிறேன். குறிஞ்சிக்கு மலையும் நடு யாமமும் புணர்தலும் என்று நம் முன்னோர் வகுத்ததற்கு அங்கே போனால் காரணம் புரியும். குளிர் இருக்கிறது, தெரிந்தவர் கண் இல்லை, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியும் காபிச் செடியும் மறைவு கொடுக்கின்றன. அங்கே யாரும் யாருக்கும் பொருத்தமாகத்தான் தெரிவார்கள்.

அதனால் நான் சொல்வது, உச்சியில் காதலைச் சொல்ல வைக்காதீர்கள், வழியில் சொல்ல வையுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் யாருக்காவது கட்டாயம் தலை சுற்றும். எட்டாவது வளைவில் அவள் முகம் வெளுக்கிறது. அவன் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுக்கிறானா, பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டுகிறானா, அல்லது காட்சியைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறானா? அந்த ஒரு வளைவு போதும்.

அப்புறம் அவர்களைக் கீழே இறக்குங்கள். இறங்கிவிட்டால் குறிஞ்சி முடிந்தது, ஊடலுக்குரிய மருதம் தொடங்கிவிட்டது. அம்மாபேட்டையில் வாடகை வீடு, குடிதண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் குடங்கள், ஜவ்வரிசி ஆலையில் அவனுக்கு ஷிப்ட், சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கி வந்து இரண்டு பேரும் நின்றபடியே சாப்பிடுவது. மேலே மூடுபனியில் சொன்னதை இங்கே வெயிலில் திரும்பச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் எனக்கு அந்தக் கதை வேண்டும்.

வேறு சாதி ஜோடியை ஊர் 'ஆவாது' என்கிறது. கதையில் அவர்கள் பொருத்தமா?

இதைக் கேட்ட பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டான். எங்கள் பக்கத்தில் ஏன் அப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

பொருத்தம் என்பது அந்த இருவருக்கு நடுவில் இருப்பது. ஊர் விடுமா என்பது வேறு கேள்வி. அதைக் கதை பயத்தோடும் உண்மையோடும் எழுதட்டும், ஆனால் ஊர் பிரித்துவிட்டதால் அவர்கள் பொருந்தவில்லை என்று ஆகாது. சாதி தடுத்த ஜோடியைக் கடைசியில் 'அவர்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை' என்று முடிக்கும் கதைகளைப் படித்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஊர் செய்த குற்றத்தை அந்தப் பெண்ணின் குணத்தில் கொண்டுபோய் வைப்பது அது.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாருங்கள். யாயும் ஞாயும் யாராகியரோ: என் தாயும் உன் தாயும் யார் யாரோ. என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு? நானும் நீயும் ஒருவரை ஒருவர் எப்படி அறிவோம்? பத்தில் முதல் இரண்டான பிறப்பையும் குடிமையையும் அவன் ஆரம்பத்திலேயே எடுத்துத் தள்ளிவிடுகிறான். செம்புலத்தில் பெய்த நீர்போல நெஞ்சம் கலந்தன என்கிறான். பாடியவர் பெயர் தெரியாமல், அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் கோடை மழைக்குப் பிறகு ஓரத்தில் ஓடும் தண்ணீரைப் பாருங்கள், செக்கச்செவேல் என்று இருக்கும். ஒரு டம்ளரில் பிடித்து வைத்து, இதில் மழை எது, மண்ணின் நிறம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

பொருந்தாத ஜோடியை வைத்து நல்ல கதை எழுத முடியுமா?

தாராளமாக. நம்மூரிலேயே உதாரணம் இருக்கிறது. ஏற்காடு சாலையில் இன்றும் நுழைவாயில் வளைவு நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியிலிருந்து 1950இல் வந்த மந்திரி குமாரி படம். குண்டலகேசியில் வரும் நிகழ்ச்சியை வைத்து மு. கருணாநிதி எழுதியது. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றான குண்டலகேசியின் பெரும்பகுதி அழிந்துபோனாலும் அந்த நிகழ்ச்சி மட்டும் அழியவில்லை: கள்வனைக் காதலித்து மணந்தவளை அவன் மலையுச்சிக்குக் கூட்டிப் போய்க் கொல்லப் பார்க்கிறான். சாகும் முன் கணவனை மூன்று முறை சுற்றி வருகிறேன் என்று கேட்டு, சுற்றி வந்து, அவனைத் தள்ளிவிடுகிறாள்.

இங்கே பொருத்தமின்மையை ஆசிரியர் முதலிலிருந்தே தெரிந்து செய்கிறார். அவள் காதல் உண்மையாக இருந்ததால்தான் அந்த மலையுச்சி நம்மை உலுக்குகிறது. பொருந்தாத ஜோடியை எழுதி, பொருந்திவிட்டது என்று ஆசிரியரே நம்பிக்கொள்வதுதான் சிக்கல்.

இரண்டு பெண்கள் அல்லது இரண்டு ஆண்கள் ஜோடியானால் அளவுகோல் மாறுமா?

மாறாது. தொல்காப்பியம் தலைவன், தலைவி என்ற பொருளில் கிழவன், கிழத்தி என்றுதான் பேசுகிறது, உண்மை. ஆனால் வன்சொல்லுக்கும் பொறாமைக்கும் ஆண் பெண் என்று வேறுபாடு இல்லை, வேறு யாரிடமும் சொல்ல முடியாத பேச்சுக்கும் இல்லை.

நண்பர்களாக இருந்தவர்கள் காதலர்களாவது சரியாக வருமா?

குறுந்தொகை மூன்றாம் பாட்டில் தலைவி தன் காதலை நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்று சொல்லிவிட்டு, கடைசியில் அதற்கு வைக்கும் பெயர் நட்பு. கருங்கோல் குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் இழைக்கும் மலைநாட்டானோடு நட்பு. இரண்டும் வேறு வேறு என்று நாம்தான் பிறகு பிரித்துக்கொண்டோம்.

வேறு வேறு நூல்களின் மாந்தரைச் சேர்த்துப் பார்க்கலாமா?

பாருங்கள், நல்ல பயிற்சி. பொன்னியின் செல்வனில் படகோட்டும் பூங்குழலியைக் கொண்டுவந்து எந்தக் கதையில் விட்டாலும் முதலில் படகைத்தான் தேடுவாள். அவளை அவளாகவே பேச விடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

கடைசியில் சேராத ஜோடியைப் பொருத்தமான ஜோடி என்று சொல்லலாமா?

பொன்னியின் செல்வனின் ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுப்பவர்கள் எல்லோரும் கேட்பது: "ஆறாவது பாகம் இருக்குதுங்களா?" குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆகாமலே நாவல் முடிந்துவிடுகிறது. ஏமாந்த முகத்தோடு நிற்பார்கள். நான் அவர்களைத் தஞ்சாவூருக்குப் போகச் சொல்வேன். பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் தமக்கை குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்று குறிக்கப்படுகிறாள். நாவல் நிறுத்திய இடத்துக்கு அப்பால் நடந்ததைக் கல் சொல்கிறது.

ஃப்ளேம்ஸ் போட்டு வருத்தப்பட்ட பெண் கல்யாணமான வருஷம் தஞ்சாவூர் போய்வந்தாள். எந்த வரி என்று கண்டுபிடிக்க முடியவில்லை, எழுத்தும் படிக்கத் தெரியவில்லை, சுவரைத் தொட்டுவிட்டு வந்தேங்க்கா என்றாள். கூட வந்த கணவர் என்ன செய்தார் என்று கேட்டேன். அவர் இந்தப் பக்கத்துச் சுவரில் இல்லை என்று சொல்லி, அடுத்த பக்கத்துக்குக் கூட்டிப் போனாராம்.